‘சிக்ஸ் செவன்’ சேட்டை: பள்ளிகள் தடை போட்டால் நிற்குமா? தமிழ்நாட்டில் விதி என்ன சொல்கிறது?

வகுப்பில் யாராவது 6, 7 என்ற எண்களைச் சொன்னால் போதும். “சிக்ஸ் செவன்...” என்று இழுத்துக் கத்தி, இரண்டு உள்ளங்கைகளையும் தராசுத் தட்டு போல மேலும் கீழும் ஆட்டுகிறார்கள் மாணவர்கள். அமெரிக்காவில் கிளம்பிய இந்தச் சேட்டைக்கு அங்கேயும் பிரிட்டனிலும் சில பள்ளிகள் 2025-ல் தடை போட்டன.

இப்படித் தடை போட்டால் சேட்டை நிற்குமா? நம்ம ஊர் பள்ளிகளுக்கு எவ்வளவு தூரம் அதிகாரம் இருக்கிறது? பார்க்கலாம்.

அது என்ன ‘சிக்ஸ் செவன்’?

அமெரிக்க ராப் பாடகர் ஸ்க்ரில்லாவின் ஒரு பாட்டில் வரும் வார்த்தை இது. 6 அடி 7 அங்குலம் உயரமுள்ள கூடைப்பந்து வீரர் லமெலோ பாலின் வீடியோக்களோடு அந்தப் பாட்டை ஒட்டி எடிட் செய்தார்கள். டிக்டாக், இன்ஸ்டாகிராமில் தீயாகப் பரவியது. அர்த்தம் என்ன என்று கேட்டால், அப்படி எதுவும் இல்லை. அர்த்தமே இல்லாத இதை 2025-ன் ‘ஆண்டின் சொல்’ என்று டிக்‌ஷனரி.காம் இணையதளம் அறிவித்தது.

2025 நவம்பரில் பீட்டர்பரோ நகரில் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போன பிரிட்டன் பிரதமர் கியர் ஸ்டார்மரும் இதில் மாட்டினார். மாணவி ஒருவர் புத்தகத்தின் 6, 7-ம் பக்கங்களைக் காட்ட, பிரதமர் கையை ஆட்ட, வகுப்பே சேர்ந்து கத்தியது. இங்கே இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குத் திட்டு விழும் என்று தலைமை ஆசிரியை சொன்னதும் அவர் மன்னிப்புக் கேட்டார்.

தடை போட்டால் நிற்குமா?

பொருளுக்குத் தடை போடுவது சுலபம். 2017-ல் ஃபிட்ஜெட் ஸ்பின்னர் மோகம் வந்தபோது பல நாட்டுப் பள்ளிகள் அதைத் தடை செய்தன. கையில் இருப்பதை ஆசிரியர் வாங்கி மேஜை டிராயரில் வைத்துவிட்டால் கதை முடிந்தது.

வார்த்தையை அப்படிப் பறிமுதல் செய்ய முடியாது. ‘சொல்லாதே’ என்று சொன்ன பிறகு, சொல்லிக் காட்டுவதில்தான் கெத்து. அதைத் தடுத்தாலும் அடுத்த மாதம் வேறொரு ரீல்ஸ், வேறொரு டிரெண்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றறிக்கை போட்டுக்கொண்டே இருக்க முடியாது.

அப்படியென்றால் விட்டுவிடலாமா?

‘சின்னப் பசங்க, அப்படித்தான் இருப்பாங்க’ என்று விட்டுவிடவும் முடியாது. செல்போனால் ஒரு முறை கவனம் சிதறினால், மீண்டும் பாடத்துக்குள் வர மாணவருக்கு 20 நிமிடம் வரைகூட ஆகலாம் என்கிறது யுனெஸ்கோவின் 2023 கல்வி அறிக்கை.

வேங்கிக்கால் போன்ற ஊரில் ஒரு 8-ம் வகுப்பை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சேட்டையை அடக்கவே ஒரு பீரியடுக்கு 5 நிமிடம் போகிறது என்றால், 8 பீரியடுக்கு 40 நிமிடம். கிட்டத்தட்ட ஒரு பாடவேளையே காலி. டியூஷன் போகும் பிள்ளை அதை மாலையில் ஈடுகட்டிவிடும். வகுப்பில் காதில் விழுவது மட்டுமே படிப்பு என்று இருக்கும் பிள்ளைக்கு அந்த 40 நிமிடம் போனது போனதுதான்.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

நம்ம பக்கம் இந்த விவாதம் சூடு பிடித்தது 2022-ல். கொரோனாவால் மூடப்பட்டிருந்த பள்ளிகள், 9 முதல் 12-ம் வகுப்பு வரை 2021 செப்டம்பர் 1-ம் தேதியும், 1 முதல் 8 வரை நவம்பர் 1-ம் தேதியும் திறந்தன. அடுத்த சில மாதங்களில் வகுப்பறை வீடியோக்கள் வரிசையாக வைரலாகின.

திருவண்ணாமலையை ஒட்டிய மாவட்டங்களிலேயே 2 சம்பவங்கள். ஆம்பூர் அருகே மாதனூரில் ரெக்கார்டு நோட்டைக் கேட்ட ஆசிரியரை மாணவர் அடிக்கப் பாய்ந்தார். வேலூர் தொரப்பாடியில் பிளஸ் 2 மாணவர்கள் மேஜை, பெஞ்சுகளை உடைத்தனர். 2 இடங்களிலும் மாணவர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டனர்.

2022 மே 9-ம் தேதி சட்டப்பேரவையில் பள்ளிக்கல்வித்துறை அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி கறாராகப் பேசினார். ஆசிரியர்களிடம் ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், காரணம் டிசி-யிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் எழுதப்படும் என்றார். ஆசிரியர்கள் தரப்பில் பலருக்கு இது நிம்மதி. எதிர்த்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: 16 வயதில் செய்த தப்பு, வாழ்நாள் முழுக்க ஒரு சான்றிதழில் கூடவே வர வேண்டுமா?

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-ல் 2 பிரிவுகள் முக்கியம்.

• பிரிவு 16: 8-ம் வகுப்பு முடிக்கும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. ‘டிசி கொடுத்து அனுப்பிடுவோம்’ என்ற மிரட்டல் இந்த வயதுப் பிள்ளைகளிடம் செல்லாது.

• பிரிவு 17: அடிக்கக் கூடாது, மனரீதியாகவும் துன்புறுத்தக் கூடாது. மீறினால் ஆசிரியர் மீது துறை நடவடிக்கை வரும்.

ஆக, பிரம்பும் இல்லை, டிசியும் இல்லை. ‘அப்போ நாங்க என்னதான் செய்றது?’ என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அரசு சொன்ன வழி

அதற்கும் 2022-லேயே படிப்படியான வழிகாட்டுதல் வந்தது. முதல் முறை தவறினால் ஆலோசகர் மூலம் அறிவுரை. மறுபடியும் செய்தால், திருக்குறளைப் பொருளோடு ஒப்பிப்பது, நீதிக்கதை சொல்வது போன்ற வேலைகள். அதற்கு மேலும் போனால் காவல்துறையின் குழந்தை நல அலுவலர் மூலம் அறிவுரை. கடைசிப் படியாக வேறு அரசுப் பள்ளிக்கு மாற்றம். அதாவது படிப்பை நிறுத்தாமல் திருத்துவது.

காகிதத்தில் நல்ல திட்டம்தான். ஆனால் முதல் படியிலேயே ஆலோசகர் வேண்டும். எல்லாப் பள்ளியிலும் முழுநேர ஆலோசகர் இல்லை. அந்த வேலையும் கடைசியில் வகுப்பு ஆசிரியர் தலையில்தான் விழுகிறது.

எல்லாச் சேட்டையும் ஒன்றா?

இல்லை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் வருகிறது. ‘சிக்ஸ் செவன்’ கத்துவது, பெஞ்சில் தாளம் போடுவது ஒரு ரகம். பெஞ்சை உடைப்பது, ஆசிரியரை அடிக்கப் பாய்வது வேறு ரகம்.

பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்தாலும் உள்ளே விஷம் இருப்பது மூன்றாவது ரகம். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு இதற்கு உதாரணம். 2023-ல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, கைகளில் வண்ணக் கயிறு கட்டத் தடை கேட்டது. அந்தத் தடைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது இன்னொரு பிள்ளையின் பாதுகாப்பு.

இந்த 3 ரகத்துக்கும் ஒரே தண்டனை கொடுத்தால், கத்தியவனுக்கு அது அதிகம், அடிக்கப் பாய்ந்தவனுக்கு அது குறைவு. முதல் ரகத்துக்கு எந்த வார்த்தை என்று பட்டியல் போடவே தேவையில்லை. ‘பாடம் நடக்கும்போது குறுக்கே கத்தக் கூடாது’ என்ற ஒரே விதி போதும். இன்றைய டிரெண்டுக்கும் பொருந்தும், அடுத்த மாதம் வரப்போவதற்கும் பொருந்தும். இடைவேளையில் எவ்வளவு வேண்டுமானாலும் கத்திக்கொள்ளட்டும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

• அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். ஒழுங்கு விதிகளை அந்தக் கூட்டத்தில் பேசி முடிவு செய்யச் சொல்லலாம்.

• பிள்ளையை அடித்தாலோ, 8-ம் வகுப்புக்குள் வெளியேற்றினாலோ கல்வித்துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றில் புகார் செய்யலாம்.

• திருவண்ணாமலை மாவட்டத்தில் இருப்பவர்கள், வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

• அதற்கு முன்னால், பிள்ளை எந்த ரீல்ஸைப் பார்த்து இதைக் கற்றுக்கொண்டது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பள்ளியில் செல்போன் கிடையாது. ‘சிக்ஸ் செவன்’ வகுப்புக்குள் வந்தது வீட்டு செல்போன் வழியாகத்தான்.