கடைசியாக வருபவரின் வேகம்



மிதிவண்டியில் குழுவாக மலையேறச் செல்லப் பிள்ளைகள் அனுமதி கேட்கும்போது பெற்றோர் தயங்குகின்றனர். அத்தயக்கம் நியாயமானதே. எனினும் தடுப்பதைக் காட்டிலும் ஒழுங்குபடுத்தி அனுப்புவதே நலம் என்பது என் கருத்து. இக்கருத்துக்கு நான் வந்து சேர்ந்தது என் சொந்தத் தவறு ஒன்றின் வழியாகத்தான்.

கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85, தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரைக் கடந்து, போடிமெட்டுக் கணவாய் வழியே கேரளத்துள் நுழைகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம். அடிவாரத்தில் மாமரங்களும் இலவ மரங்களும். மேலே செல்லச் செல்ல ஏலத்தோட்டங்களின் குளிர்ச்சி. திரும்பிப் பார்த்தால் கீழே சமவெளி விரிந்து கிடக்கும். ஏற்றத்தில் தக்பீரும் இறக்கத்தில் தஸ்பீஹும் சொல்லிச் சென்ற நபித்தோழர்களின் வழக்கம் அங்கே தானாகவே நினைவுக்கு வரும்.

சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பது பேர் போடியில் ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். பயணத்தில் மூவர் இருந்தாலே ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்னும் நபிமொழிக்கேற்ப, வயதில் மூத்தவன் என்பதால் என்னை அமீராக்கினர். பாதி மலைவரை அனைவரும் ஒன்றாகவே ஏறினோம். பிறகு மூடுபனி இறங்கியது. வலுவுள்ள இளைஞர்கள் வேகம் கூட்டினர். என் கால்களிலும் வலு மிச்சமிருந்தது. நானும் அவர்களோடு விரைந்தேன். உச்சியை அடைந்து தேநீர் சொல்லிவிட்டு எண்ணிப் பார்த்தபோது எட்டுப் பேரே இருந்தோம். பதினைந்து வயதுச் சிறுவனைக் காணவில்லை. அலைபேசித் தொடர்பும் கிடைக்கவில்லை.

நான்கு வளைவுகள் கீழே அவனைக் கண்டோம். சங்கிலி கழன்று சிக்கிக்கொள்ள, அதை விடுவிக்க முயன்றதில் விரல் கிழிந்திருந்தது. தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற ஜீப் ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, அவனுக்குத் துணையாக நின்றிருந்தார். "இந்தப் பிள்ளைய விட்டுட்டு யாருப்பா மேல போனது?" என்று அவர் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாலையில் அவனுடைய தாயார் கோபிக்கவில்லை. "நீங்க கூட இருக்கீங்கன்னுதானே அண்ணே அனுப்புனேன்" என்றார். அந்தச் சொல் இன்றும் என்னை விட்டு அகலவில்லை. அவன் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நானோ என் கால்வலுவைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

மெதுவாக ஏறினால் மூச்சின் சீர் கெடும், ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் ஏறுவதே சரி என்று பழகியவர்கள் கூறுவர். அதில் உண்மை உண்டு. வலுவுள்ளவர் முன்னே செல்லட்டும். ஆனால் மூன்று வளைவுகளுக்கு ஒருமுறை நிற்கட்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்து, அவரும் இளைப்பாறிய பின்னரே குழு நகரட்டும். முன்னே வந்தவர் போதிய ஓய்வு பெற்றிருக்க, பின்னே வந்தவர் வந்தவுடன் கிளம்ப நேர்வது அநீதி. அமீருக்குரிய இடம் குழுவின் கடைசி. பழுதுநீக்கும் கருவிகளும் முதலுதவிப் பையும் அவரிடமே இருக்க வேண்டும்.

ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்தானது. தடைக்கட்டையை விடாது அழுத்திப் பிடித்தால் சக்கரத்தின் விளிம்பு சூடேறிப் பிடிமானம் குறையும். ஆகவே வளைவுக்கு முன்பே இரு தடைகளையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, நேர்ப்பாதையில் சற்றுத் தளர்த்த வேண்டும். இருவருக்கிடையே போதிய இடைவெளி வேண்டும். குறுகிய வளைவுகளில் எதிரே வரும் பேருந்துக்குச் சாலையின் முழு அகலமும் தேவைப்படலாம். இடப்பக்கம் ஒதுங்கி நின்று வழிவிடுவதில் இழுக்கில்லை. தலைக்கவசம் இல்லாதவர் புறப்படவே கூடாது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை அனுமதி கேட்டால், மிதிவண்டியின் விலையையோ உச்சியை அடையும் நேரத்தையோ விசாரிக்க வேண்டாம். "கடைசியாக வருபவரோடு யார் வருவார்?" என்று கேளுங்கள். அதற்கு ஒரு பெயரைத் தெளிவாகச் சொல்ல முடிந்தால் துஆச் செய்து அனுப்பி வையுங்கள்.

அந்தச் சிறுவன் மீண்டும் போடிமெட்டு ஏற விரும்புகிறான். இம்முறை, இன்ஷா அல்லாஹ், அவனுக்குப் பின்னால் நான் வருவேன்.