நம்மவர் தவறும் நம் கடமையும்



இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துக் கல் தொலைவுகூட இல்லை. நூற்பாலையிலும் சந்தையிலும் பேருந்திலும் பல சாதியாரும் பல சமயத்தாரும் அன்றாடம் ஒன்றாகவே இருக்கின்றனர். ஆயினும் அந்தப் பேருந்தின் பெயரே ஒரு காலத்தில் பகைக்குக் காரணமாயிற்று. 1997ஆம் ஆண்டில் விருதுநகர் அரசுப் போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. ஒரு சாரார் மகிழ்ந்தனர். மற்றொரு சாரார் எதிர்த்தனர். கலவரம் மூண்டது. அவ்வாண்டு ஜூலையில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கிவிட்டது. பெயர் அகன்றது, பகை அத்துடன் அகன்றுவிடவில்லை.

வெளியே போட்டி மூளும்போது ஒரு சமுதாயத்தின் உள்ளே நிகழ்வது யாது? பங்காளிச் சண்டைகள் ஓய்கின்றன, பணமுடிப்புகள் அவிழ்கின்றன. இதனால் நன்மையும் விளைவதுண்டு. 1899இல் சிவகாசிக் கலவரத்தைக் கண்ட நாடார் சமுதாயத்தார், 1910இல் மகாஜன சங்கம் கண்டனர். வணிகத்தில் ஒதுக்கிய மகமைப் பணம் பள்ளிக்கூடங்களாக எழுந்தது. எதிர்ப்பில் பிறந்த ஒற்றுமை கல்வியாகக் கனிந்தது.

ஆனால் அதே ஒற்றுமைக்கு மற்றொரு முகமும் உண்டு. சமாதானம் பேசுவோன் துரோகியாகின்றான். தவறு செய்தவன் 'நம்மவன்' என்பதால் மறைக்கப்படுகின்றான். கணக்குக் கேட்போரை, 'இது அதற்குரிய நேரமா?' என்று வாயடைக்கின்றனர். வெளிப்பகை தணிந்ததும், அடக்கி வைத்த உட்பகை இருமடங்காய் வெடிக்கின்றது.

இந்த இனக்கட்டினை 'அஸபிய்யா' என்று அழைத்து, அதனால் அரசுகள் எழுவதையும் சுகவாழ்வில் அது தளர்ந்து அவை வீழ்வதையும் 1377இல் இப்னு கல்தூன் ஆராய்ந்து எழுதினார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதற்கு எல்லை வகுத்துவிட்டார்கள். தன் கூட்டத்தாரை நேசிப்பது குற்றமன்று. அநீதியில் அவர்களுக்குத் துணைபோவதே குற்றம் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

மதீனாவின் அவ்ஸ், கஸ்ரஜ் குலத்தார் புஆத் போர்வரை ஒருவரையொருவர் வெட்டி மாய்ந்தவர்கள். ஹிஜ்ரத்திற்குப் பின்னர் எழுதப்பட்ட மதீனா சாசனம் அவர்களை வெறுமனே ஒன்றுசேர்க்கவில்லை. அக்கிரமம் செய்பவன் தம்முள் ஒருவரின் மகனேயாயினும் அவனுக்கு எதிராக அனைவரும் நிற்கவேண்டும் என விதித்தது. அதனாலன்றோ அது ஒப்பந்தமாயிற்று!

எனவே அமைதிக் கூட்டங்களில் அமரும் எந்தச் சமுதாயத்துப் பெரியவரும், எதிர்த்தரப்பாரின் குற்றங்களை எண்ணிச் சொல்வது போதாது. தம் தெருவில் கல்லெறிந்தவனைத் தாமே முன்னிறுத்த வேண்டும். நம் ஜமாஅத்துகளுக்கும் இது பொருந்தும். பதற்றமான நாளிலும் வரவுசெலவுக் கணக்கைப் படியுங்கள். மாற்றுக்கருத்துச் சொல்பவரைப் பேசவிடுங்கள். போட்டி வேண்டுமெனில் நன்மைகளில் முந்திக்கொள்ளுமாறு திருமறை பணிக்கின்றது. ஒரு தெருவின் மாணவர் உதவிநிதியைக் கண்டு அடுத்த தெருவும் ஒன்று தொடங்கட்டும். அப்போட்டியில் தோற்பவர் எவருமிலர்.

தன் பிள்ளையைத் தட்டிக்கேட்கத் துணியாத சமுதாயத்திற்கு, அடுத்தவர் பிள்ளையைக் குற்றம்சாட்டும் தகுதி ஏது? சிந்திப்போமாக!