வேனுக்குக் காய்ச்சலா? தொட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள்!

மாணவர்களே, உங்களில் பலர் தினமும் பள்ளி வேனில்தான் வருகிறீர்கள். அந்த வேனுக்கு உங்களைவிட வயது அதிகமாக இருக்கலாம். சில நாள்களில் உள்ளே கருகிய எண்ணெய் வாடை அடிக்கும். கேட்டால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். அந்தப் பதிலை நீங்கள் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். வண்டி பழையதாக இருக்கலாம். அதற்கான இயற்பியல் விதிகள் பழையவை ஆகிவிடவில்லை.

எங்கள் தாமானில் வேன் ஓட்டும் அங்கிள் ஒருவர் இருக்கிறார். அவர் வேனின் காற்று வடிகட்டியில் எண்ணெய் படியத் தொடங்கியது. ஒரு பட்டறையில் காட்டினார். வடிகட்டிக்கும் எஞ்சினின் மேல்மூடிக்கும் இடையில் இருந்த ரப்பர் குழாயைக் கழற்றித் தரையைப் பார்த்துத் தொங்கவிட்டார்கள். வடிகட்டியில் எண்ணெய் படிவது நின்றது. ஆனால் அந்த வாரமே பிள்ளைகள் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்றார்கள். "எண்ணெய் ரொம்பச் சூடாகிறது, கூலர் போடுங்கள்" என்று அடுத்த யோசனை வந்தது. அதற்குச் சில நூறு ரிங்கிட் ஆகும்.

"கை வைக்க முடியல தம்பி, அவ்வளவு சூடு" என்றார் அங்கிள் என்னிடம்.

இங்கேதான் அறிவியல் நுழைய வேண்டும். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் உள்ள உலோகத்தையே நம்மால் தொட்டுக்கொண்டிருக்க முடியாது. நம் கைக்கு 70 டிகிரியும் சூடுதான், 130 டிகிரியும் சூடுதான். பட்டறைகளில் 'மினியாக் ஹித்தாம்' என்று சொல்லும் எஞ்சின் எண்ணெய், ஓடும் வண்டியில் பொதுவாக 80 முதல் 110 டிகிரி வரை இருக்கும். அதாவது, நலமாக இருக்கும் எஞ்சினும் கையைச் சுடும்! காய்ச்சலை நெற்றியில் கை வைத்து ஓரளவு சொல்லலாம். எஞ்சினுக்கு அந்த வழி இல்லை.

வெப்பநிலை ஏன் முக்கியம்? 20டபிள்யூ-50 வகை எண்ணெய் 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் எட்டு அல்லது ஒன்பது மடங்கு இளகிவிடும். மிகவும் சூடானால், உராயும் பாகங்களுக்கு நடுவில் இருக்க வேண்டிய எண்ணெய்ப் படலம் மெலிந்துவிடும். எண்ணெயும் விரைவில் கெட்டுப்போகும். பழைய ஃபோல்க்ஸ்வாகன் கொம்பி வேன்களில் இது இன்னும் முக்கியம். அவற்றின் எஞ்சினைக் காற்றுதான் குளிர்விக்கிறது. தண்ணீர் இல்லை, ஆகவே தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள்ளும் இல்லை. எஞ்சினின் உடல்நிலையை அறிய எண்ணெயின் வெப்பநிலையே நல்ல சாட்சி.

எண்ணெய் சூடாகாமலே இருந்தாலும் கெடுதல்தான். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடியவில்லையா? ஆக்டேன் எரியும் வேதிச் சமன்பாட்டை எழுதிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் பெரும்பகுதி நீராவியாகப் புகைபோக்கி வழியே போய்விடும். சிறிதளவு, எரிந்த வாயுக்களோடும் எரியாத பெட்ரோலோடும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கிராங்க் அறைக்குள் கசியும். எண்ணெய் போதுமான சூட்டை எட்டினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். வீட்டிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து அடுத்த தாமானுக்கு என்று குறுந்தூரமே ஓடினால் ஈரம் உள்ளேயே தங்கி, எண்ணெயோடு கலந்து, பால் தேநீர் நிறத்தில் கூழாகிவிடும்.

அந்த ஈரமும் வாயுவும் வெளியேறத்தான் எஞ்சினுக்கு மூச்சுக் குழாய்கள் இருக்கின்றன. முற்காலக் கார்களில் அந்தக் குழாய் நேரே சாலையைப் பார்த்துத் திறந்திருக்கும். 1950-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைப் புகைமூட்டம் வாட்டியபோது, ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் அதன் மூலத்தைக் கண்டறிந்தார். எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிவதே காரணம் என்றார். அக்காலக் கார்கள் வெளியிட்ட ஹைட்ரோகார்பன்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த மூச்சுக் குழாய் வழியாகவே வந்தது. ஆகவே கலிபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலிருந்து ஒரு மாற்றம் வந்தது. பி.சி.வி. என்னும் சிறிய வால்வு வழியாக அந்த வாயுவை எஞ்சினே திரும்ப உறிஞ்சி எரித்துவிடும். அதற்கு ஈடாக, காற்று வடிகட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வழியே தூய காற்று உள்ளே போகும்.

எங்கள் தாமான் வேனில் கழற்றித் தொங்கவிட்டது இந்த ரப்பர் குழாயைத்தான். ஒரே நாளில் அந்த வேன் 1961-க்கு முந்திய காலத்துக்குப் போய்விட்டது. அதிலும் இத்தகைய வேன்களில் எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. கீழே விட்ட வாயு இருக்கையின் இடுக்கு வழியாக மேலே ஏறாமல் எங்கே போகும்?

நானும் இன்னொரு பட்டறைக்காரரும் முதலில் அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். மல்டிமீட்டரோடு வரும் வெப்ப உணர்கம்பியை எடுத்துக்கொண்டோம். எஞ்சினில் விடுவதற்கு முன் அந்தக் கம்பியையே சோதித்தோம். பனிக்கட்டித் தண்ணீரில் 0 காட்டியது. கொதிக்கும் தண்ணீரில் 97 காட்டியது. எங்கள் ஊர் கடல் மட்டத்தை ஒட்டியது, ஆகவே 100 காட்டியிருக்க வேண்டும். (கேமரன் மலையில் இதைச் செய்தால் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இடத்தையும் கவனியுங்கள்.) கருவி பொய் சொல்கிறது என்று தூக்கி எறிய வேண்டியதில்லை. எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்தால் போதும்.

அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, எஞ்சினை நிறுத்தி, எண்ணெய் அளவுகோல் துளை வழியே கம்பியை இறக்கினோம். 94 காட்டியது. 94-ஐ 97-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 97 டிகிரி. எண்ணெய்க்குக் காய்ச்சலே இல்லை! கூலர் தேவையில்லை.

அடுத்தது அழுத்தம். ரப்பர் குழாயைப் பழையபடி மாட்டினோம். பழைய எண்ணெய் மூடி ஒன்றில் துளையிட்டு, அதில் ஒளி புகும் பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, 'யு' வடிவில் வளைத்து, சாயத் தண்ணீர் ஊற்றினோம். உங்கள் இயற்பியல் நூலில் உள்ள அதே மானோமீட்டர்தான். நீர்மட்டத்தில் 1 சென்டிமீட்டர் வேறுபாடு என்றால் ஏறத்தாழ 98 பாஸ்கல். நலமான எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது தண்ணீரைத் தன் பக்கம் இலேசாக இழுக்க வேண்டும். இதுவோ 2 சென்டிமீட்டர் வெளியே தள்ளியது.

வால்வைக் கழற்றினோம். கூழ் காய்ந்து அடைத்துக் கிடந்தது. வெளியேற வழியில்லாத வாயு, தூய காற்று வரும் குழாய் வழியே பின்னோக்கி ஓடி, எண்ணெயையும் வடிகட்டிக்குச் சுமந்து வந்திருக்கிறது. புது வால்வு போட்டோம். தண்ணீர் அரை சென்டிமீட்டர் எஞ்சின் பக்கம் ஏறியது. வடிகட்டியும் சுத்தமாக இருந்தது, வாடையும் போயிற்று. வால்வுக்கு ஆன செலவு கூலர் விலையில் ஒரு சிறு பகுதி.

குழாயைக் கழற்றியவரை நான் குறை சொல்லவில்லை. வேன் ஒரு நாள் ஓடாவிட்டால் அங்கிளுக்கு ஒரு நாள் வருமானம் போகும். உடனே எதையாவது செய்ய வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு. ஆனால் அளப்பதற்கு எங்களுக்கு ஆனது ஒரு காலைப் பொழுதுதான். ஊகத்துக்கு ஆன விலையைச் சுமந்தவர்கள் பின்னிருக்கையில் இருந்த பிள்ளைகள்.

பழைய எஞ்சினில் மாற்றமே செய்யக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. தேய்ந்த எஞ்சினுக்கு, மூச்சுக் குழாயின் நடுவில் எண்ணெயைப் பிரிக்கும் 'கேட்ச் டேங்க்' பொருத்துவது நல்ல யோசனையாகவே இருக்கலாம். ஆனால் அதன் மறுமுனை வெளியே திறந்திராமல் எஞ்சினுக்கே திரும்ப வேண்டும். மாற்றத்துக்கு முன்பும் பின்பும், அதே இடத்தில், அதே வேகத்தில் அளந்து எழுதி வைக்க வேண்டும். இரண்டு எண்கள் இல்லாத மாற்றம் வெறும் நம்பிக்கைதான்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? முதலில் ஓர் எச்சரிக்கை. சூடான எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும், மூடிய கொட்டகையில் ஓடும் எஞ்சினின் புகை உயிரையே எடுக்கும். ஆகவே அனுபவமுள்ள பெரியவர் இல்லாமல் எஞ்சினைத் தொடாதீர்கள். ஆனால் உணர்கம்பியைப் பனிக்கட்டியிலும் கொதிநீரிலும் சோதிப்பதையும், மானோமீட்டர் செய்வதையும் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே ஆசிரியர் துணையோடு செய்யலாம். அடுத்த அறிவியல் விழாவுக்கு எரிமலை மாதிரி செய்வதற்குப் பதில் இதைச் செய்து பாருங்களேன். முடிந்ததும் அந்தக் கருவிகளை உங்கள் வேன் அங்கிளிடம் காட்டுங்கள். வேனில் வாடை அடித்தால் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், வீட்டில் சொல்லுங்கள்.

இனி யாராவது "பழைய வண்டி, அப்படித்தான்" என்றால் மரியாதையோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அளந்து பார்த்தீர்களா, அங்கிள்?"