ஏறிக்கொண்டே போகும் டிக்கெட்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிறேன். ஆடிப்பெருக்குக்குப் புது ஆல்பம் வந்ததும், ஆர்டர் பிடிக்க மதுரையில் விமானம் ஏறுவேன். ஆர்ட் பேப்பர் மாதிரிகள் செம கனம்; 15 கிலோவைப் பெட்டி சுலபமாகத் தாண்டும். மிச்ச கிலோவுக்குத் தனிக் காசு, ஜன்னலோரத்துக்குத் தனி, ஆன்லைனில் பணம் கட்டினால் ‘வசதிக் கட்டணம்’. யாருடைய வசதியோ!

எங்கள் ஊர்ப் பட்டாசுப் பெட்டியிலும் ஒரு விலை அச்சிட்டிருக்கும். வாங்குபவர் கொடுப்பது அதைவிட வெகு குறைவு. விமானத்தில் தலைகீழ். 2003-ல் தொடங்கிய ஏர் டெக்கான் ஒரு ரூபாய் டிக்கெட்டைக் காட்டித்தான் எங்களைப் போன்றவர்களுக்கு ஆசை மூட்டியது.

2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ரத்தாகிக் கட்டணம் எகிறியபோது, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய் என மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. மதுரை–சென்னை அதில் அடக்கம். அன்று முடிந்தது தீபாவளி வாரத்தில் ஏன் முடியாது? பெட்டி, இருக்கை, வரி எல்லாம் சேர்ந்த தொகையை முதல் திரையிலேயே காட்டச் சொல்லவும் அரசால் முடியும்.