நாற்றங்காலிலும் அழைத்தல் உண்டு

மகன் சாமியாருக்குப் படிக்கப் போன வீட்டைப் பார்த்து, "நமக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை எங்க இருக்கு?" என்று பெருமூச்சு விடுவது எங்கள் பக்கத்தில் சகஜம். புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனிலும் பாகூர் கொம்யூனிலும் கிறிஸ்தவர்கள் வாழும் எந்தத் தெருவிலும் இதைக் கேட்கலாம். கேட்பதற்குப் பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு அடியில் ஒரு நம்பிக்கை வேர்விட்டிருக்கிறது. கடவுள் எல்லாரையும் படைக்கிறார், சிலரை மட்டும் அழைக்கிறார். அந்தச் சிலர் அங்கி போட்டுக்கொள்கிறார்கள், மடத்துக்குப் போகிறார்கள். மற்றவர்கள் ஞாயிறு பூசைக்கு வந்து, கோயில் வரி கட்டி, கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி வாங்கிக்கொண்டால் போதும் என்பதே அந்த நம்பிக்கை.

இது பொய். கிறிஸ்தவ மறையின் அடித்தளத்துக்கே எதிரான பொய். நல்ல மனிதர்கள் நம்புகிறார்கள் என்பதால் அது உண்மையாகிவிடாது.

1964ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டு காரியங்கள் அந்த ஆண்டில் நடந்தன. நல்லாயன் ஞாயிறன்று குருத்துவத்துக்கும் துறவறத்துக்கும் பிள்ளைகள் வர வேண்டுமென்று உலகம் முழுதும் மன்றாடும் வழக்கம் முதன்முதலாகத் தொடங்கியது. நாம் இன்று இறையழைத்தல் ஞாயிறு என்று கொண்டாடுவது அதுதான். அதே ஆண்டு நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய தன் கொள்கைத் திரட்டை வெளியிட்டது. அதன் ஐந்தாம் அதிகாரம் முழுவதும் ஒரே காரியத்தைத்தான் பேசுகிறது: திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும், எந்த நிலையில் இருந்தாலும், நிறைவான தூய்மைக்கு அழைக்கப்பட்டவர். கணவன் மனைவியர், கைம்பெண்கள், உழைப்பாளிகள், ஏழைகள், நோயாளிகள் என்று பெயர் சொல்லியே அது அழைக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. முதலாவது ஒவ்வொரு பங்கிலும் விழாவாகிவிட்டது. சிஸ்டர்கள் வந்து பேசுகிறார்கள், குருமாணவர்கள் சாட்சி சொல்கிறார்கள், 'வந்து பாருங்கள்' முகாமுக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள். இரண்டாவதை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்? ஒன்றை மட்டும் ஊருக்குச் சொல்லி மற்றொன்றை அலமாரியில் வைத்துப் பூட்டினால் மக்கள் என்ன நம்புவார்கள்? அவர்கள் நம்புவதில் அவர்கள் குற்றம் பாதிதான்.

இந்த நம்பிக்கைக்கு எதிரான சாட்சி வெகுதூரத்தில் இல்லை, வில்லியனூர் பீடத்திலேயே நிற்கிறது. லூர்து அன்னையின் சுரூபம் பிரான்சிலிருந்து இங்கே வந்தது 1877இல். லூர்தில் காட்சி நடந்து அப்போது இருபது ஆண்டுகூட ஆகவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் கொடியேறுகிறது, தேர் வருகிறது, சாதி மதம் பாராமல் கூட்டம் நெரிகிறது. அந்தக் கூட்டத்தில் நிற்கும் நம்மில் எத்தனை பேர் குகைக்கு முன்னால் மண்டியிட்டிருக்கும் அந்தப் பெண்ணைக் கவனித்துப் பார்த்திருக்கிறோம்?

அவள் பெர்னதெத். வயது 14. ஆஸ்துமாக்காரி. தகப்பன் மாவு மில்லை இழந்து நொடித்துப்போனவர். பழைய சிறைச்சாலையின் ஓர் அறையில்தான் குடும்பமே ஒண்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது. ஞானோபதேசம் மனதில் நிற்காததால் முதல் நற்கருணைகூட வாங்கவில்லை. 1858 பிப்ரவரி 11 அன்று அவள் ஜெபிக்கப் போகவில்லை, விறகு பொறுக்கப் போனாள். அன்னை தோன்றியது அவளுக்கு. பங்குச் சாமியார் அந்த ஊரிலேயே இருந்தார், கன்னியர் மடம் இருந்தது, மறைமாவட்டத்துக்கு ஆயர் இருந்தார். அவர்கள் யாரிடமும் அன்னை முதலில் போகவில்லை. கோயில் கட்டச் சொல்லிச் சாமியார்களிடம் போய்ச் சொல் என்று அந்தப் பிள்ளையை அனுப்பினாள். சாமியார் முதலில் நம்பவே இல்லை. திரும்பத் திரும்பப் போய் நின்றாள். 'அவளும் பிற்பாடு கன்னியர் ஆனாளே' என்று சிலர் சொல்வார்கள். ஆனாள், 1866இல், நெவேர் மடத்தில். அழைத்தல் வந்து எட்டு ஆண்டு கழித்து. அழைத்தல் வந்தபோது அவள் கையில் இருந்தது சுள்ளிக்கட்டு.

இதைத் தெரிந்துகொண்டு தேர் வடம் பிடிக்கிறவர், 'எனக்கு எங்கே அழைத்தல்' என்று எப்படிக் கேட்பார்?

இந்த நம்பிக்கை யாருக்கும் தீங்கு செய்யவில்லையே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட முடியாது. தீங்கு செய்கிறது. அழைத்தல் அங்கிக்காரருக்கு மட்டும் என்றால், வட்டிக்கு விடுகிறவர் திருவிழாச் செலவில் ஒரு நாளை ஏற்றுக்கொண்டு, மறுநாள் காலையில் கைம்பெண் வீட்டு வாசலில் நின்று வசூல் செய்யலாம். அவரைப் பொறுத்தவரை கடவுள் காரியம் கோயிலோடு முடிந்துவிட்டது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற இளைஞர், கூட வேலை செய்கிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு நடக்கும் அநியாயத்தைப் பார்த்தும் வாய் திறக்க மாட்டார். அதெல்லாம் சாமியார்கள் பேச வேண்டியது என்று நினைப்பார். அலுவலகத்தில் மேசைக்கு அடியில் கை நீட்டுகிறவர் பங்குப் பேரவையில் உறுப்பினராகவும் இருப்பார். இரண்டும் அவருக்கு இடிப்பதே இல்லை.

இன்னொரு கொடுமை குருமடத்திலிருந்து திரும்பி வருகிற பிள்ளைகளுக்கு நடப்பது. மூன்று வருடமோ ஐந்து வருடமோ இருந்து, இது தனக்கானதல்ல என்று நேர்மையாக உணர்ந்து வீட்டுக்கு வருகிறான் ஒருவன். ஊர் அவனுக்கு என்ன பெயர் வைக்கிறது? 'ஓடி வந்தவன்.' பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள். தாய் கோயிலுக்குப் போக வெட்கப்படுகிறாள். கடவுள் அவனைக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு கைவிட்டுவிட்டார் என்று அவனையே நம்ப வைத்துவிடுகிறோம். அவனுக்கு அழைத்தல் தொலையவில்லை. வேறு பாதையில் கூப்பிடப்படுகிறான், அவ்வளவுதான். நல்ல வாத்தியாராகவோ நல்ல தகப்பனாகவோ வாழ வேண்டியவனை ஊர்ப்பேச்சு பாதி மனிதனாக்கிவிடுகிறது.

சாமியார் இல்லாமல் விசுவாசம் நிற்காது என்பவர்கள் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டு, தமிழ்க் கிராமங்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள் மூப்பர்களும் வீட்டுப் பெண்களும். ஜப்பானில் இன்னும் பெரிய அதிசயம் நடந்தது. இருநூறு ஆண்டுக்கு மேல் அங்கே குரு என்று ஒருவரும் இல்லை. 1865 மார்ச்சில் நாகசாகியில் புதிதாகக் கட்டிய கோயிலுக்குச் சில விவசாயிகள் வந்து, தாங்களும் அதே மறையைச் சேர்ந்தவர்கள் என்று பெத்திழான் என்ற குருவின் காதோடு சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாகத் திருமுழுக்குக் கொடுத்து, செபங்களை வாய்வழியாகக் கடத்தி, தண்டனைக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த குடியானவர்கள் அவர்கள். அந்தப் பெத்திழான், 1776இல் புதுச்சேரி மறைப்பணியை ஏற்றுக்கொண்ட அதே பாரிஸ் அந்நிய வேதபோதகச் சபையைச் சேர்ந்தவர். நம் மறைப்பணியை ஏற்று நடத்திய சபையே, நாகசாகியில் குடியானவர்களின் விசுவாசத்துக்கு முன் வாயடைத்து நின்றது.

நம் மண்ணில் 1745 என்ற ஆண்டுக்குத் தனி இடம் உண்டு. புதுச்சேரிச் சம்பாக் கோயிலுக்குள் அப்போது ஒரு சுவர் இருந்தது. சாதிக் கிறிஸ்தவர் ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவர் மறுபக்கம். ஆனந்தரங்கப் பிள்ளை அந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்: காரைக்காலிலிருந்து வந்த ஒரு குரு தூண்டுதல் கொடுக்க, ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டு பெரிய சாமியாரிடம் போனார்கள், நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் எங்களுக்கு மட்டும் ஏன் இந்த வேற்றுமை என்று கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. அதன்பின் சாதிக்காரர்கள் கலகம் செய்தார்கள், சாதி கோயிலை விட்டுப் போய்விடவும் இல்லை. ஆனால் அன்று நற்செய்தியை நற்செய்தியாகப் பேசியவர்கள் யார்? இறையியல் படித்தவர்களா? தோட்டிகளும் சக்கிலியர்களும் பறையர்களும்தான். கடவுளின் அழைப்பு அவர்கள் தொண்டையில் இருந்தது. 1950இன் பட்டியல் சாதிகள் ஆணையால் அரசின் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கும் தலித் கிறிஸ்தவரிடம், கடவுளின் பட்டியலிலும் உன் பெயர் இல்லை என்று சொல்வதைவிடப் பெரிய பாவம் எனக்குத் தெரியவில்லை.

அதே 1745, மே 14. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்டன் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மணமானவர், சம்பளம் வாங்குகிற உத்தியோகஸ்தர். அவருக்கு மறையைச் சொல்லிக்கொடுத்தவரும் குரு அல்ல. குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய். 1749இல் சிறை, சித்திரவதை, ஊர் ஊராக எருமைமேல் ஏற்றி அவமானம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமாபுரியில் புனிதராக அறிவிக்கப்பட்டார், இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர். புனிதம் அங்கிக்குள் மட்டும்தான் என்கிறவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

இரத்தம் சிந்தினால்தான் அழைத்தல் என்றும் நினைக்க வேண்டாம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் வேலை பார்த்தவர். நாற்காலியில் உட்கார்ந்து வழக்குக் கேட்டார், தீர்ப்பு எழுதினார், கைக்கூலியைக் கண்டித்துப் பாடினார், பெண் கல்விக்காக எழுதினார். 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது சொந்தக் கைப்பொருளைக் கொட்டிக் கஞ்சி ஊற்றினார். அவர் நீதிமன்றம்தான் அவருடைய பலிபீடம்.

பெந்தெகொஸ்தே சபைகளைச் சேர்ந்தவர்கள் இதெல்லாம் கத்தோலிக்கர் பிரச்சினை என்று நினைத்தால் தவறு. அங்கே அங்கி இல்லை, நோய் அதேதான். 'வேலையை விட்டுட்டு ஊழியத்துக்கு வந்தேன்' என்ற சாட்சிக்குத்தான் அல்லேலூயா விழுகிறது. 'இருபது வருஷமா ஒரே ஒர்க்‌ஷாப்பில ஏமாத்தாம வேலை செய்றேன்' என்று யாராவது சாட்சி சொன்னால் மைக் அடுத்தவருக்குப் போய்விடும். அப்போஸ்தலர் பவுல் கொரிந்து நகரில் கூடாரம் தைத்துச் சாப்பிட்டார். அவரை வீட்டில் வைத்துக்கொண்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அதே தொழில்காரர்கள். இயேசுவே ஏறத்தாழ முப்பது வயதுவரை நாசரேத்தில் தச்சு வேலை செய்தார். அந்த ஆண்டுகளெல்லாம் வீணா?

'அப்படியானால் சாமியார்கள் வேண்டாமா?' வேண்டும், கட்டாயம் வேண்டும். நற்கருணை அவர்கள் கையால்தான் நமக்கு வருகிறது. 1844இல் புதுச்சேரியில் கூடிய மறைமாவட்டச் சங்கம் நம் நாட்டுக் குருக்களை உருவாக்க வழிசெய்தது. அதே ஆண்டு துய்ப்புய் அடிகள் கன்னியர் சபை தொடங்கித் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். அந்த உழைப்பைக் குறைத்துப் பேசுகிற வாய் எனக்கு இல்லை. ஆனால் திருச்சபையின் சொந்தச் சட்டம் என்ன சொல்கிறது? உயிர் போகிற நேரத்தில் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம். திருமணத்தில் அருளடையாளத்தை ஒருவருக்கொருவர் வழங்குகிறவர்கள் மணமக்களே. குரு திருச்சபையின் சாட்சி. வாசலில் இருக்கும் முதல் அருளடையாளத்தையும் குடும்பத்தின் அருளடையாளத்தையும் சாதாரணக் கைகளில் திருச்சபை ஒப்படைத்திருக்கிறது. அந்தக் கைகளுக்கு அழைத்தல் இல்லை என்று சொல்ல நாம் யார்?

பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவு முடித்துக் கரையேறும் பெண்களைப் பாருங்கள். முழங்கால்வரை சேறு, நிமிர முடியாத இடுப்பு. அதில் ஒருத்தி சாயங்காலம் குளித்துவிட்டு அன்பியக் கூட்டத்தில் செபமாலை சொல்லிக்கொடுப்பாள். நடுராத்திரி தெருவில் யாருக்காவது மூச்சு இழுத்தால் முதலில் அவளைத்தான் எழுப்புவார்கள். சாமியாருக்குப் போன் போட்டு, அவர் வண்டியெடுத்து வந்து சேர்வதற்குள் உயிர் காத்திருக்காது. அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, சாகிறவர் கையைப் பிடித்துக்கொண்டு, 'சேசு மரி சூசை' என்று காதில் சொல்லிக்கொண்டே இருப்பாள். உதட்டில் பாலை நனைப்பாள், கண்ணை மூடிவிடுவாள், விடிந்ததும் அழுகிற பிள்ளைகளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடியும் நடவுக்குப் போவாள். அவளிடம் 'உங்களுக்கு அழைத்தல் உண்டா?' என்று கேட்டால் சிரித்துவிட்டு, 'எனக்கு எங்க சாமி?' என்பாள். அவளை அப்படிச் சொல்ல வைத்தது நாம்தான்.

பங்குச் சாமியார்களையும் சபைப் போதகர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த இறையழைத்தல் ஞாயிறன்று குருமாணவர் பேசட்டும், சிஸ்டர் பேசட்டும். அவர்களோடு ஒரு நடவுக்காரியையும், இரவுப் பணி முடித்து வந்த ஒரு நர்ஸையும், கைநீட்டாத ஒரு குமாஸ்தாவையும் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, இவர்களைக் கடவுள் எப்படி அழைத்தார் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். குருமடத்திலிருந்து திரும்பிய பிள்ளையையும் கூப்பிடுங்கள். பெற்றோரே, பிள்ளை சாமியாராகப் போகிறேன் என்றால் சந்தோஷமாக அனுப்புங்கள். லாரி ஓட்டப் போகிறேன் என்று சொன்னாலும், தலையில் கைவைத்து அதே சிலுவை அடையாளத்தைப் போட்டு அனுப்புங்கள்.