வீட்டு வேலை முடியும் வரை மீன்களுக்கு ஓர் இடம்



நோன்புக்கு முன்னால் வீடு திருத்துகிற காலம் வந்துவிட்டது. டைல் எந்த நிறம், பெயின்ட் எந்தக் கடையில், மேசன் பாஸுக்கு நாட்கூலியா கொந்தராத்தா என்று எல்லா வீட்டிலும் இதே பேச்சுத்தான். ஹோலில் இருக்கும் மீன் தொட்டியைப் பற்றி மட்டும் யாரும் கதைப்பதில்லை. நிலத்தை உடைக்க வரும் நாள் காலையில்தான் அது நினைவுக்கு வருகிறது. "இத என்ன செய்ற?" என்று ஒருவர் கேட்பார். "ஆத்துல விடுங்க, பாவம், பொழைச்சிப் போகட்டும்" என்று இன்னொருவர் முடித்துவிடுவார்.

ஆற்றில் விடுவது இரக்கம் அல்ல என்பதே என் கருத்து. சில கிழமைகளுக்கு ஒரு பெரிய பேசினில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் இரக்கம்.

சிலர் இதற்கு மார்க்கத்தையும் துணைக்கு எடுக்கிறார்கள். பூனையை அடைத்து வைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அவள் உணவும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்ன விடவும் இல்லை என்பதுதான் அவள் மீதுள்ள குற்றம். "அப்ப விட்டுடுறது நல்லந்தானே டீச்சர்?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பூனைக்கு அது பழகிய மண், அங்கே இருப்பது அதற்குத் தெரிந்த இரை. நாம் கடையில் வாங்கும் மீன் அப்படியல்ல. பெரும்பாலும் பண்ணைத் தொட்டியில் பிறந்து, கையால் போடும் தீனைத் தின்று வளர்ந்தது. ஓடும் தண்ணீரில் அதற்கு இரை தேடவும் தெரியாது, கொக்கிடமிருந்து தப்பவும் தெரியாது. அதிகமானவை செத்துவிடும்.

சாகாமல் பிழைப்பவைதான் அதைவிடப் பெரிய பிரச்சினை. நமது கடுகண்ணாவை மேட்டிலே இருக்கும் ஊர். பிலிமத்தலாவைப் பக்கம் சரியும் தண்ணீர் மகாவலிக்குப் போகிறது. மாவனெல்லைப் பக்கம் இறங்குவது மகா ஓயாவுக்குப் போகிறது. வீட்டுக்குப் பின்னால் ஓடும் சின்ன எலயில் விட்டாலும் இரண்டில் ஒன்றில்தான் போய்ச் சேரும்.

தொட்டியின் பாசியைத் தின்னட்டும் என்று நாம் வாங்கும் டேங்க் கிளீனர் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சொந்த இடம் தென்னமெரிக்கா. விரல் நீளத்தில் வாங்குவது ஓர் அடிக்கு மேல் வளரும். இன்று அது நமது கண்டி மாவட்டத்து விக்டோரியா நீர்த்தேக்கத்திலும் கலாவெவவிலும் பெருகிக் கிடக்கிறது. அதன் முள்ளும் கடினமான தோலும் மீனவர்களின் வலையைக் கிழிக்கின்றன. முட்டையிடுவதற்குக் கரையைக் குடைந்து வளையும் போடும். தென்கிழக்காசியாவின் கத்தி மீனும் அலங்கார மீனாக வந்து நமது நீர்நிலைகளில் கலந்ததுதான்.

மறுபக்கம், உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன்கள் நம் நாட்டு ஓடைகளில் இருக்கின்றன. பக்கத்துக் கேகாலை மாவட்டத்தில், கலபிட்டமடயின் ஒரு சின்ன ஓடையில் வாழும் பந்துல பெதியா அப்படியொன்று. 1991இல்தான் அதற்கு விஞ்ஞானப் பெயரே வைத்தார்கள். இப்படிப்பட்ட ஓடையில் யாரோ இரக்கப்பட்டு விடும் நாலு வெளிநாட்டு மீன்கள் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, வீட்டில் எப்படி வைப்பது? பெரிய செலவு இல்லை.

தண்ணீரோடு தொட்டியைத் தூக்க வேண்டாம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமான தொட்டி நிறைந்திருந்தால் தண்ணீர் மட்டும் 56 கிலோ வரும். தூக்கும்போது கண்ணாடியின் ஒட்டு விட்டுவிடும். சவர்க்காரம் படாத பெரிய பேசின் ஒன்றை, வேலை நடக்காத அறையில் வெயில் படாமல் வையுங்கள். பழைய தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்றுங்கள். புதிதாகச் சேர்க்கும் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும்.

ஃபில்டரின் ஸ்பொஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம், காயவிடவும் வேண்டாம். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் பக்டீரியா அதில்தான் வாழ்கிறது. அது செத்தால் மறுபடி வளர ஒரு மாதம் அளவில் எடுக்கும். அதற்குள் மீன் தன் கழிவிலேயே நஞ்சாகிச் செத்துவிடும். ஆகவே மீன் போகும் இடத்துக்கு ஃபில்டரும் கூடவே போய் ஓட வேண்டும்.

எயார் பம்ப் அறையில் உள்ள காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடும். தின்னர் மணக்கும் இடத்திலும் சீமெந்துத் தூள் பறக்கும் இடத்திலும் அதை வைக்கக் கூடாது. பேசினை மெல்லிய வலையால் மூடுங்கள், மீன் பாயும். தீனைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். ஃபைட்டர் மீனைத் தனிப் போத்தலில் வையுங்கள். பாஸ் மூன்று நாள் என்று சொன்னால் மூன்று கிழமைக்குத் தயாராக இருங்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை, வீட்டு வேலை அப்படித்தான்!

இவ்வளவும் முடியாத வீடுகளும் உண்டு. ஒரே அறையில் குடும்பமே ஒதுங்கியிருக்கும்போது பேசினுக்கு எங்கே இடம்? அப்படியானால் மீன் வளர்க்கும் அயலவரிடமோ சொந்தக்காரரிடமோ கொடுங்கள். வாங்கிய கடையில் கேட்டுப் பாருங்கள். சிங்கள அயல் வீட்டில் கேட்டாலும் மறுக்கமாட்டார்கள்.

கூட்டில் அடைத்ததையும் தொட்டியில் போட்டதையும் நாம்தான் செய்தோம். அது நம்மிடம் அமானிதம். இலட்சக்கணக்கில் டைலுக்குச் செலவழிக்கும் நாம், இந்த நோன்புக்கு முன் பாஸுக்கு முற்பணம் கொடுக்கும் அன்றே ஒரு பேசினையும் வாங்கி வைப்போம். அதைப் பிள்ளைகளின் பொறுப்பில் விடுங்கள். தீன் போடுவது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் அவர்கள் செய்யட்டும். ஹதீஸைப் பாடமாக்கிய பிள்ளை அதன்படி நடந்தும் பழகும், இன்ஷா அல்லாஹ்.