அதிர்ஷ்டமா? கணக்கா?

புரட்டாசிச் சனிக்கிழமை திருவண்ணாமலை ஏறிப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சீட்டாட உட்காருகின்றவர்கள் நமது ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பக்கங்களில் உண்டு. ஜெயித்தால் "பெருமாள் கொடுத்தார்" என்பதும், தோற்றால் "நேரம் சரியில்லை" என்பதும் அவர்கள் வழக்கம். 52 காகித அட்டைகளுக்குப் பெருமாளையும் கிரகத்தையும் தெரியுமா என்று கேட்கின்றோம்.

அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளிலும், நம் நாட்டில் கோவாவிலும் 'பிளாக்ஜாக்' என்றொரு ஆட்டம் நடக்கின்றது. 21 புள்ளியைத் தாண்டாமல் விடுதிக்காரனைவிட அதிகம் சேர்த்தவனுக்குப் பணம். பகடையில் முன் விழுந்ததற்கும் பின் விழுவதற்கும் சம்பந்தமில்லை. சீட்டு அப்படியன்று. வெளிவந்த சீட்டு, கட்டைக் கலைக்கும் வரை திரும்பி வராது. ஆகவே, போனது தெரிந்தால் மிச்சம் தெரியும். இதை 1962-ல் எட்வர்ட் தோர்ப் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார்.

பிற்பாடு பரவிய சுலப முறையைக் கேளுங்கள். 2 முதல் 6 வரை வந்தால் ஒன்று கூட்டு. 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் வந்தால் ஒன்று கழி. 7, 8, 9-ஐ விட்டுவிடு. கூட்டல் மிகுந்தால், கட்டில் பெரிய சீட்டுகள் மிகுந்திருக்கின்றன என்று அர்த்தம். விடுதிக்காரன் 16 வரை சீட்டு எடுத்தே தீரவேண்டுமென்பது விதியாதலால், அப்பொழுது அவன் 21-ஐத் தாண்டித் தோற்பது அதிகம். அப்பொழுது மாத்திரம் பந்தயத்தை உயர்த்த வேண்டியது. இதில் ஜாதகம் எங்கே? லட்சுமி கடாட்சம் எங்கே?

இனி வேடிக்கையைப் பாருங்கள். தாயத்துக் கட்டி வருகின்றவனை விடுதிக்காரன் நாற்காலி போட்டு உட்கார வைக்கின்றான். எண்ணத் தெரிந்தவனையோ வெளியே போகச் சொல்லுகின்றான். ஒரு கட்டுக்குப் பதில் ஆறு, எட்டுக் கட்டுகளைச் சேர்த்துக் கலக்குகின்றான். அவனுக்கு எந்தச் சாமியிடத்தும் பயமில்லை, கணக்கினிடத்தில்தான் பயம்!

அப்படியானால் நாமும் எண்ணக் கற்றுப் பணக்காரராகலாமே என்று எந்தத் தோழரும் கிளம்ப வேண்டாம். நன்றாய் எண்ணுகின்றவனுக்கும் லாபம் நூற்றுக்கு ஒன்று சுமார்தான். அது வருமுன் கைமுதல் தீர்ந்துவிடும்.

கைபேசி ரம்மியின் கதையும் இதுவே. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமென்று 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. கம்பெனிக்காரர்கள் அதையே பல்லவியாகப் பாடினார்கள். இருக்கட்டும்; ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து, கம்பெனி நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொண்டால் மிச்சம் 540. ஆறு பேரும் மகா திறமைசாலிகளானாலும் அந்த 540 மறுபடி 600 ஆகுமா? இந்தக் கணக்குப் போடாமல் கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்ட வாலிபர்கள் எத்தனை பேர்!

தமிழ்நாடு சட்டசபை 2022-ல் தடைச் சட்டம் செய்தது. 2023-ல் சென்னை ஐகோர்ட்டு ரம்மிக்கும் போக்கருக்கும் அத்தடை செல்லாதென்றது. 2025-ல் பார்லிமெண்டு, திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களனைத்தையும் தடுத்துச் சட்டம் செய்தது. நல்லதே. ஆனால், பகடையில் பெண்டாட்டியைத் தோற்றவனைத் தர்மராஜா என்று கொண்டாடும் நாட்டில் சட்டம் மாத்திரம் என்ன செய்யும்?

சீட்டை எண்ணுவதற்கு முன் சம்பளத்தை எண்ணுங்கள். வீட்டில் எத்தனை வயிறு என்று எண்ணுங்கள். அவ்வளவு எண்ணத் தெரிந்தவன் அந்த மேஜையண்டை உட்காரவே மாட்டான் என்பதுதான் நமது அபிப்பிராயம்.